நட்சத்திரம் போட்ட காசு

மார்ச் 3
கிடைத்துவிட்டது! நான் வேலை பார்க்கும் பார்க்கிங் டிக்கெட் கவுன்ட்டரில் ஒரு கார்க்காரம்மா வேண்டாவெறுப்பாகக் கொட்டிய சில்லறையில். நான் பிறந்த வருடம், அதற்குக் கீழே குட்டி நட்சத்திரம். எந்த ஊர் ஆலையில் அடித்த காசு என்று காட்டும் குறி அது. அந்த வருடத்தின் புள்ளி, சாய்சதுரம், குறியே இல்லாதது மூன்றும் எட்டு வருடமாக ஆல்பத்தில் இருக்கின்றன. நட்சத்திரம்தான் கண்ணாமூச்சி காட்டியது. கல்லாவில் என் காசைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 4
நாணயக் கடைக்காரர் லென்ஸில் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "அக்கா, நாலையும் ஞாயித்துக்கிழமை கண்காட்சியில வைக்கலாம். பக்கத்துல ஒரு அட்டையில உங்க பேரப் போட்டே வைக்கிறேன்."
அட்டையில் என் பெயர். இதுவரை மின்கட்டண ரசீதில்கூட வந்ததில்லை.

மார்ச் 6
வேலை போய் மூன்று மாதமாக வீட்டில் இருக்கும் என் வீட்டுக்காரர், குழாய், கதவுக் கைப்பிடி எல்லாம் தேய்த்து முடித்து, இன்று என் ஆல்பத்தைத் திறந்திருக்கிறார். பித்தளை பாலிஷ்! நாலு காசும் புதுக் கரண்டி மாதிரி மின்னுகின்றன. நட்சத்திரம் மழுங்கிவிட்டது.
"நாளைக்கு நாலு பேரு பாக்கப் போறாங்க, அழுக்கா இருந்துச்சு. அதான்…" சிரிப்பு வேறு.
யார் கேட்டது? தேய்ச்ச காச எவனும் சீண்டமாட்டான்னு நூறு தடவ சொல்லியிருக்கேனே! காதுல வாங்கினாத்தானே? எட்டு வருஷம் — ஒரு துணித்துண்டுல போச்சு.

மார்ச் 7
"ஐயோ அக்கா" என்றார் கடைக்காரர். அவ்வளவுதான். அட்டையை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன்.

மார்ச் 9
பேசவில்லை.

மார்ச் 12
வீட்டுக்காரர் சமைத்து வைத்திருந்தார். சாப்பிட்டேன். பசி வேறு, கோபம் வேறு. பேசவில்லை.

மார்ச் 18
பெட்ரோல் பங்கில் வேலை கிடைத்ததாம். ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொன்னார். நானும் ஃபிரிட்ஜைப் பார்த்தே தலையாட்டினேன்.

மார்ச் 23
வேலையிலிருந்து வந்தவர் ஒரு காகிதப் பொட்டலத்தை மேசையில் வைத்தார். உள்ளே ஐந்து காசுகள், பிசுபிசுவென்று, பெட்ரோல் நாற்றத்தோடு.
"கையத்தான் தொடச்சேன். காசத் தொடைக்கல."
ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் வேறு வேறு வருடம். நட்சத்திரம் ஒன்றில்கூட இல்லை. மனுஷனுக்குக் காசில் எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை.
கோபம் போகவில்லை. அப்படியே இருக்கிறது. லென்ஸை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டேன்.
"வருஷத்துக்குக் கீழ பாருங்க" என்றேன்.
பதினேழு நாள் கழித்து அவரிடம் பேசியது இதுதான்.