இன்னொரு வக்கீல்

மார்ச் 4, செவ்வாய்

துணி துவைக்கும் மெஷின் மறுபடி கசிகிறது. ரிப்பேர்காரர் வியாழக்கிழமை வருகிறேன் என்றார். எந்த வியாழன் என்று கேட்டிருக்க வேண்டும்.

அண்ணன் இன்றும் ஆபீசுக்கு வரவில்லை. ஃபோன் அணைந்தே கிடக்கிறது. சரக்கு லாரி வந்து நின்றது. வாங்கிக்கொள்ளச் சொல்ல ஆளில்லாமல் திருப்பி அனுப்பினேன். முதலாளி என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. வேலைக்குச் சேர்ந்த அன்றே, "நீ என் தங்கச்சி மாதிரி, அண்ணன்னே கூப்பிடு" என்று சொன்னவர். அவர் மனைவி, அண்ணி, அவரும் ஃபோனை எடுக்கவில்லை.

மார்ச் 5, புதன்

வங்கியிலிருந்து கடிதம். ஆபீசுக்கு இல்லை, என் பெயருக்கு, வீட்டு முகவரிக்கு. இந்த நாட்டு மொழி எனக்குக் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதும், இதற்குப் போதாது. ஃபோனைக் காட்டினேன், தமிழில் மாற்றித் தந்தது. "தாங்கள் அன்புடன் முழுப் பொறுப்பாகிறீர்கள்" என்று வந்தது. அன்புடனாம். சிரித்துவிட்டேன். மறுபடி படித்தபோது சிரிப்பு வரவில்லை.

கம்பெனி வாங்கிய கடனுக்கு நான் ஜாமீன். கம்பெனி கட்டவில்லை. நான் கட்ட வேண்டும், இல்லையென்றால் வீட்டை எடுத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டை. இரண்டு அறை, கசிகிற மெஷின், எல்லாவற்றையும்.

கையெழுத்துப் போட்டது ஞாபகம் இருக்கிறது. போன வருஷம், அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். அண்ணி டீ கொண்டுவந்து வைத்தார். அண்ணன் பேனாவை நீட்டினார். தங்கச்சி என்று கூப்பிடுகிறவர் எதிரிலேயே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தால் என்ன நினைப்பார்? என்மேல் நம்பிக்கை இல்லையா என்று முகம் சுருங்காதா? புரட்டாமலே போட்டேன். நம்மையும் ஒரு ஆளாக மதித்துக் கேட்கிறாரே என்று பெருமையாகக்கூட இருந்தது.

மார்ச் 6, வியாழன்

கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. ரிப்பேர்காரரும் வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி

சொல்லிவிட்டேன். இவர் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார் என்று நினைத்தேன். "எத்தனை பக்கம் இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். அதற்குமேல் சோறு இறங்கவில்லை அவருக்கு. தட்டைத் தானே கழுவி வைத்தார். கத்தித் தொலைத்திருக்கலாம்.

பயமா இருக்கு. எழுதினா குறையும்னு பார்த்தேன். குறையல.

மார்ச் 11, செவ்வாய்

வக்கீல் வேட்டை. வழக்கு, வங்கி என்று நான் வாய் திறக்க வேண்டுமென்றால் ஆங்கிலத்தில்தான் முடியும்.

முதல் ஆளின் வாசலில் ஆங்கிலம் பேசப்படும் என்று பெரிய பலகை. அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் 'நோ ப்ராப்ளம்' மட்டும். என் வீடு போய்விடுமா என்று கேட்டேன். நோ ப்ராப்ளம். எப்போது போகும் என்று கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

இரண்டாவது ஆளுக்கு ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. முழுக்கக் கேட்டுவிட்டு, நான் பார்ப்பது விவாகரத்து வழக்குகள் அம்மா என்றார். என் ஃபோன் நம்பரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். இதைச் சொன்னதும் இவர், "அவர் நம்பரையும் நீ வாங்கி வச்சுக்கோ, எதுக்கும் ஆகும்" என்றார். நாலு நாளைக்குப் பிறகு வீட்டில் ஒரு சிரிப்பு.

மார்ச் 13, வியாழன்

மூன்றாவது ஆள் கண்ணாடிக் கட்டடத்தில். வங்கி வழக்குகள்தான் அவர் தொழில், ஆங்கிலமும் வரும். அப்பாடா என்று உட்கார்ந்தேன். வங்கியின் பெயரைச் சொன்னதும் எழுந்துவிட்டார். அவர்கள் எங்கள் கட்சிக்காரர்கள், மேற்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாதீர்கள் என்று லிஃப்ட் வரைக்கும் வந்து பட்டனையும் அவரே அழுத்திவிட்டார். மரியாதையான மனுஷர். கெட்டிக்காரர்கள் எல்லாரையும் வங்கி முன்கூட்டியே பிடித்து வைத்திருந்தால் நான் எங்கே போவேன்?

மார்ச் 14, வெள்ளி

அழைப்பு மணி அடித்தது. வங்கி ஆட்கள்தான் என்று விளக்கை அணைத்துவிட்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்துகொண்டேன். வெகுநேரம் அடித்துவிட்டுப் போனார்கள். ஜன்னல் வழியே பார்த்தால், கருவிப் பையோடு ரிப்பேர்காரர்.

மார்ச் 18, செவ்வாய்

விவாகரத்து வக்கீல் ஃபோன் செய்து ஒரு பெயர் கொடுத்தார். செருப்புக் கடைக்கு மேலே சின்ன ஆபீஸ். பெண் வக்கீல். பல வருஷம் வங்கிகள் பக்கம் நின்று வாதாடிவிட்டு விலகி வந்தவராம். நிதானமான ஆங்கிலம். ஒருமுறைகூட நோ ப்ராப்ளம் சொல்லவில்லை; அதனாலேயே நம்பிக்கை வந்தது.

கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இருப்பதை உங்களுக்குப் புரியும் மொழியில் யாராவது விளக்கினார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். விளக்கினோம் என்றுதான் வங்கி சொல்லும், இல்லையென்று சொல்ல வேறு யார் அங்கே இருந்தார்கள் என்றார். அண்ணி. அவர் சொல்வாரா?

எப்படிச் சொல்வார்? புருஷனை எங்கேயோ ஒளிச்சு வச்சுக்கிட்டு ஃபோனைக்கூட எடுக்காதவங்க.

மார்ச் 22, சனி

சண்டை போடத்தான் போனேன். அண்ணி கதவுச் சங்கிலியை எடுக்காமல் லேசாகத் திறந்து, நான்தான் என்று தெரிந்த பிறகு உள்ளே விட்டார். திரைச்சீலை எல்லாம் இழுத்து மூடியிருந்தது. அண்ணன் அங்கே இல்லை. அவரிடமும் சொல்லாமல்தான் போயிருக்கிறார். எனக்கு வந்த மாதிரியே ஒரு கடிதம் மேசையில், உறைகூடப் பிரிக்காமல். பிரித்தாலும் அண்ணிக்கு இந்த நாட்டு மொழியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது.

அண்ணியிடமும் அண்ணன் கையெழுத்து வாங்கியிருக்கிறார், என்னிடம் வாங்கியதற்கு முந்தின நாளே. கொண்டுபோன கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வக்கீல் கேட்டதைச் சொன்னேன். அண்ணி மேசையில் கிடந்த உறையைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "நீ படிச்சுடப் போறேன்னு பயம் அவருக்கு. அவ பேப்பரைக் கையில எடுத்ததும் டீயோட வந்து பேச்சுக் கொடுன்னு சொல்லி வச்சிருந்தாரு. எதுக்குன்னு நான் கேக்கல" என்றார்.

அந்த டீயை நான் நல்லா இருக்குன்னு வேற சொன்னேன்.

மார்ச் 27, வியாழன்

அண்ணி என்னோடு வக்கீல் ஆபீசுக்கு வந்தார். நான் மொழிபெயர்க்கக் கூடாதாம். தமிழ் தெரிந்த ஒருவரை வக்கீல் ஃபோனில் பிடித்தார். முதல் வேலையாக அண்ணியிடம் ஒன்று சொன்னார்: நான் இவருக்குத்தான் வக்கீல், உங்களுக்கு இல்லை, நீங்கள் பேசுவது உங்களுக்கே கெடுதலாக முடியலாம், தனியாக ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஃபோன் குரல் அதைத் தமிழில் சொன்னது.

இருங்க அண்ணி, அவசரமில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவில்லை. வீடு, வீடு என்றே மனசு அடித்துக்கொண்டது.

"மொதல்ல இவளுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அண்ணி எல்லாவற்றையும் சொன்னார். டீயையும் சொன்னார்.

ஏப்ரல் 3, வியாழன்

வக்கீல் கூப்பிட்டார். அண்ணி சொன்னதை வைத்துக் கோர்ட்டில் தடை வாங்கிவிட்டாராம்; விசாரணை முடியும்வரை வங்கி எங்கள் வீட்டைத் தொடாது. மற்றதற்கு உறுதி சொல்ல மாட்டேன் என்றார். இவர் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். மெஷினும் ஓடுகிறது.

அண்ணி ஒரு பையோடு வந்து முன்னறையில் படுத்திருக்கிறார். தனியாக இருந்தால் மணிச்சத்தம் கேட்டாலே உடம்பு உதறுகிறதாம். எனக்குத் தெரியும்.

நான் உள்ளறையில் உட்கார்ந்து மறுபடி வக்கீல் தேடி ஃபோன் செய்யத் தொடங்கினேன். ஆங்கிலம் பேசுவீர்களா, வங்கி வழக்கு பார்ப்பீர்களா, இந்த வங்கி உங்கள் கட்சிக்காரரா? ஐந்தாவது இடத்தில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள். யாருக்காக என்றாள். என் அண்ணிக்கு என்றேன். அப்படியென்றால் உங்கள் அண்ணனின் மனைவியா என்று எழுதிக்கொள்ளக் கேட்டாள்.

எனக்கு அண்ணன் இல்லை, அண்ணி மட்டும்தான் என்றேன். திங்கட்கிழமை கூட்டி வரச் சொன்னாள்.