ஐயர் வாயில் வந்த பெயர்

ஜூன் 3, 2025 செவ்வாய்

காலையிலிருந்து சபை கொடுத்த எங்கள் குருமனைக் கதவை நாலு தடவை தட்டிவிட்டார்கள். ஒருத்திக்குக் கோயில் சாவி. ஒருத்திக்குப் பெண்கள் சங்கத்து நாற்காலி. பிலோமினாளுக்கு என் இட்லிப் பானை, அதுவும் மூடியோடு. ஐயரம்மா என்றால் தெருக்குழாய் மாதிரி, யார் வேண்டுமானாலும் திறக்கலாம்.

ஐயர் எழுமலைப் பக்கம் வீட்டு ஜெபத்துக்குப் போயிருந்தார். சபையார் போதகரை ஐயர் என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, கல்யாணமாகி முப்பது வருஷமாகியும் எனக்கு இந்த நோட்டில்கூட ‘என் வீட்டுக்காரர்’ என்று எழுத வரவில்லை.

அவர் பைக் தெருமுனை தாண்டியதும் ஐரினுக்குப் போன் போட்டேன். பெற்ற மகளிடம் நாலு வருஷமாகத் திருடி மாதிரிப் பேசுகிறேன். அவளுக்கு வயிற்றில் ஏழு மாதம் ஆகிவிட்டது. காலெல்லாம் வீக்கமாம். “அம்மா, அத்த கேக்குறாக. தலப்பிரசவத்துக்கு ஒங்க வீட்ல வந்து கூட்டிட்டுப் போவாகளான்னு. நான் என்னம்மா சொல்ல?” என்றாள்.

நான் என்ன சொல்ல? அடுப்பில் பால் பொங்குதுடி என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பாலே இல்லை. கர்த்தரே, பொய்க்கும் சேர்த்து மன்னியும்.

ஜூன் 5, வியாழன்

சாப்பாட்டில் உட்காரும்போது கேட்டுவிட்டேன். “மாசமா இருக்கா. கூட்டிட்டு வரணும்.”

ரசத்தை ஊற்றிப் பிசைந்தார். “ரூல் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்” என்றார். அவ்வளவுதான். அப்பளம் கேட்டார்.

ரூலாம். சபைச் செயலாளர் சத்தியநேசன் மகன் ஒரு இந்துப் பிள்ளையைக் கட்டிக்கொண்டான் என்று அந்தக் குடும்பத்துக்கே திருவிருந்தை நிறுத்தி, மகன் பெயரைச் சபைப் பட்டியலிலிருந்து அடித்தவர் இவர். அடுத்த வருஷமே எங்கள் ஐரின் சிவபாண்டியோடு ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனாள். இவர் என்ன செய்தார்? பலிபீடத்தில் நின்று சொந்த மகள் பெயரைத் தானே வாசித்து நீக்கினார். நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சேலை முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன். அன்றோடு சரி, அந்தப் பெயரை அவர் வாயால் சொன்னதில்லை. ‘அவ’ என்றுகூட இல்லை.

நேர்மையான மனுஷன், நேர்மையான மனுஷன் என்று ஊரெல்லாம் சொல்கிறது. கூட இருந்து பாருங்கள் ஒரு வாரம்.

ஜூன் 8, ஞாயிறு

பெந்தெகொஸ்தே. பிரசங்கம் ஐம்பது நிமிஷம். பரிசுத்த ஆவியானவரே கொட்டாவி விட்டிருப்பார்.

ஜூன் 17, செவ்வாய்

பரவை மார்க்கெட்டுக்கு வெங்காயம் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். வெங்காயமும் வாங்கினேன், அது பொய்யில்லை. சிவபாண்டியின் அம்மா முருகம்மாள் டி. கல்லுப்பட்டியிலிருந்து கத்தரிக்காய் கொண்டுவந்த வண்டியிலேயே ஏறி வந்திருந்தார். மூட்டைகளுக்கு நடுவில் நின்று இரண்டு பேரும் டீ குடித்தோம்.

“சம்பந்தியம்மா, எனக்கு ஒண்ணும் பாரமில்ல. நானே பாத்துக்கிருவேன். ஆனா புள்ள மொகத்தப் பாக்க முடியல. ஒரு ஆட்டோ சத்தம் கேட்டாப் போதும், வாசலுக்கு ஓடிப்போயி எட்டிப் பாக்குது.”

“ஐயர் மனசு...”

“அவுக மனச விடுங்க. வயித்துல இருக்குறது மனசப் பாத்தா பெறக்கும்? ஆகஸ்டுல பெறந்துரும்.”

கத்தரிக்காய் ஒரு பை கொடுத்தார், காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். வீட்டுக்கு வந்து குழம்பு வைத்தேன். ஐயர் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். எங்கே வாங்குன காய், நல்லாருக்கே என்றார். சம்பந்தி வீட்டுக் காய்ங்க என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

ஜூலை 6, ஞாயிறு

எழுதியே ஆகணும்.

இன்றைக்கு ஒரு ஞானஸ்நானம். அழகுமலை, செல்லக்கிளி என்று எழுமலைப் பக்கத்துப் புதுக் குடும்பம், சபையில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. பெண் குழந்தை, ஐந்து மாதம். எப்போதும்போல் நான்தான் வெந்நீர் கலந்து, கையில் துண்டோடு தொட்டி பக்கத்தில் நின்றேன். ஐயர் பிள்ளையை இடக்கையில் வாங்கினார். “பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள்” என்றார். ஞானத்தாய் தமிழ்வாணி டீச்சர் கணீரென்று “ஆர்த்திகா” என்றாள். கடைசி வரிசைக்குக் கேட்டிருக்கும்.

ஐயர் பிள்ளை முகத்தையே பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது. சிரித்தது. தண்ணீரை அள்ளினார்.

“ஐரின், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே...”

மூன்று தரம் ஊற்றினார். ஆமென். சபையார் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு எதுவும் தெரியவில்லை. துண்டைத் தா என்கிற மாதிரி என் பக்கம் கையை நீட்டினார். நான் கொடுக்கவே இல்லை, அப்படியே நின்றேன். அவரே உருவி எடுத்துத் துடைத்தார்.

ஆராதனை முடிந்து பின்னறையில் அழகுமலை வந்து நின்றான். “ஐயா, நாங்க ஆர்த்திகான்னுதான சொன்னோம்?”

“நானும் அதத்தானப்பா சொன்னேன்.”

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். “நான் என்ன சொன்னேன்?”

“ஐரின்னு சொன்னீக.”

அங்கியைக் கழற்ற மறந்து அதோடேயே வீட்டுக்கு நடந்து வந்தார்.

ஜூலை 7, திங்கள்

போன், போன், போன். ஐயருக்கு மறதி நோயாம், ஒருத்தி தைலம் சொல்கிறாள். இன்னொருத்தி தலை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறாள். சபை வாட்சப்பில் பிலோமினாள் அழுகிற முகம் பதினாறு போட்டிருக்கிறாள். அப்படியே என் இட்லிப் பானை எப்போது வரும் என்றும் போடலாம்ல?

அழகுமலை வந்தான். பாவம், சண்டைக்கு வரவில்லை. “இன்னொரு தடவ ஊத்திருங்க ஐயா. பெர்த் சர்ட்டிபிகேட்டுல ஆர்த்திகா. நாளைக்கு ஸ்கூல்ல கேப்பாங்க.”

“ஒரே கர்த்தர், ஒரே விசுவாசம், ஒரே ஞானஸ்நானம். ரெண்டாவது தடவ கெடையாதுப்பா. செய்யவும் கூடாது.”

“அப்ப அந்தப் பேருதானா?”

இவர் சன்னலைப் பார்த்தார்.

ஜூலை 9, புதன்

ஞானஸ்நானப் பதிவேட்டை எப்போதும் நான்தான் எழுதுவது. எட்டாவது வரை படித்தவளென்றாலும் மிஷன் ஸ்கூல் கையெழுத்து, அச்சு மாதிரி இருக்கும். அவர் கையொப்பம் மட்டும் போடுவார். இன்று மேஜையில் விரித்து வைத்து “எழுதிரு” என்றார்.

“என்ன பேரு எழுத?”

பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.

“சொல்லுங்க. என்ன பேரு?”

“ஒனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும். நாலு வருசமா எனக்கு மட்டுந்தான் தெரியும். ஊரு முன்னாடி சொன்னது நீங்க, எழுத வேண்டியதும் நீங்க!” என்று பேனாவை மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். மீன் தீய்ந்துபோனது. போகட்டும். முப்பது வருஷத்தில் ஏழு குருமனை மாறிவிட்டோம், ஒரு இடத்திலும் நான் குரலை உயர்த்தியதில்லை. இன்று பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஜூலை 13, ஞாயிறு

பதிவேட்டில் பெயர் எழுத வேண்டிய வரி வெறுமையாகவே கிடக்கிறது. பிரசங்கம் பதினேழு நிமிஷம். சபை பூரித்துப்போய்க் கலைந்தது.

ஜூலை 16, புதன்

செல்லக்கிளி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தாள். ஐயர் உள்ளே அவர் அறையில் இருந்தார், கதவு திறந்துதான் கிடந்தது. மோர் கொடுத்தேன்.

“அம்மா, நானும் இவுகளும் பேசிட்டோம். வீட்டுக்கு ஆர்த்திகா, கோயிலுக்கு ஐரின். ரெண்டும் இருக்கட்டும். ஆனா ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காதீக.”

“கேளு தாயி.”

“அந்தப் பேரு யாரு பேரு? ஐயா வீட்ல அப்படி ஒருத்தரப் பத்தி யாரும் பேசி நான் கேட்டதில்ல. எம் மாமியா சொல்லுது, செத்துப்போன ஆளு பேரா இருக்கும், அதான் ஐயா மொகம் அப்படி மாறிருச்சுன்னு. செத்தவுக பேர எம்புள்ளைக்கு வச்சுட்டாகளோன்னு எனக்கு ஒறக்கமே இல்லம்மா.”

ஐயோ, என் பிள்ளை! வாயைத் திறக்கப் போனேன். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “செத்தவ இல்லம்மா” என்றார். செருமினார். “எம் மக. டி. கல்லுப்பட்டியில இருக்கா. ஐரின்.”

செல்லக்கிளி எவ்வளவு லேசாகச் சிரித்தாள். “அதான பாத்தேன்! அப்ப ஒரு நாளு வரச் சொல்லுங்கய்யா. அவுக கையால இவளுக்கு ஒரு சட்ட போட்டுவிடணும்ல, அவுக பேரு வச்சிருக்கு.”

அவள் போன பிறகு பார்த்தேன். பதிவேட்டில் அவரே எழுதியிருந்தார், கோழி கிளறின கையெழுத்தில்.

ஜூலை 20, ஞாயிறு

இனிக் கிளம்புவார் என்று நினைத்தேன். பை கூட எடுத்து வைத்துவிட்டேன். எனக்குப் புத்தி எங்கே போனது!

ஆராதனை முடிந்ததும் கமிட்டியைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டார். நான் டீ டம்ளரோடு வாசலில் நின்றேன். அவர் அடித்த பெயர்கள் மொத்தம் பதினொன்று. பதினொன்றையும் திரும்பச் சேர்க்க வேண்டுமாம். அதற்குத் தீர்மானம் போட்டு மேலிடத்துக்கு எழுத வேண்டுமாம். “எம் மகளுக்கு மட்டும் ரூல் தளந்துச்சுன்னு ஒரு பேச்சு வரக்கூடாது. எல்லாரையும் சேத்த பொறகுதான் நான் போயி அவளக் கூட்டிட்டு வருவேன்.” கமிட்டி சொல்கிறது, அடுத்த கூட்டம் செப்டம்பரில்.

செப்டம்பர்! பிள்ளை கமிட்டி கூடுற வரைக்கும் உள்ளே உட்கார்ந்து பாட்டுப் படிக்குமா? டம்ளர்த் தட்டை மேஜையில் நான் வைத்த வேகத்தில் டீ தீர்மான நோட்டில் கொட்டிவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. (கொஞ்சம்.)

சத்தியநேசன்தான் எழுந்தார். நான் பயந்தேன். எங்கள் மேல் ஆறாத புண் அவருக்கு.

“ஐயரே, எம் பேத்திய நான் மொத மொதல்ல பாக்குறப்ப அதுக்கு ரெண்டு வயசு. ஓடிப்போயி அவ அம்மா பின்னால ஒளிஞ்சுக்கிருச்சு, என்னையத் தெரியல. ஒங்க ரூலுக்குப் பயந்துக்கிட்டு நான் போகாம இருந்தேன். ஒங்க மேலயும் தப்பு, எம் மேலயும் தப்பு.”

ஐயர் தலை நிமிரவில்லை.

“லிஸ்ட்ட நாங்க பாத்துக்கிறோம், மேலிடத்துக்கும் நானே எழுதுறேன். நீங்க மொதல்ல வண்டியில ஏறுங்க. இதுலயும் ஞாயம் பேசிக்கிட்டு நின்னீகன்னா நானே போயிக் கூட்டிட்டு வந்து எம் வீட்ல வச்சுக்கிருவேன். ஐயரம்மாவும் எங்க வீட்டுக்கு வந்துருவாக. நீங்க பதிவேட்டோட இருங்க.”

யாரோ சிரித்துவிட்டார்கள். ஐயர், “நான் ஒங்களுக்குச் செஞ்சது தப்புதான், செயலாளரே” என்றார். முப்பது வருஷத்தில் அவர் வாயில் ‘தப்பு’ என்ற சொல்லைப் பிரசங்கத்துக்கு வெளியே இன்றுதான் கேட்டேன்.

ஜூலை 23, புதன்

கூட்டி வந்துவிட்டோம். போகும்போது இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வரும்போதும் பேசவில்லை. ஆனால் சிவபாண்டி கார் ஓட்ட, ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் “மாப்ள, மெதுவா” என்றார். எண்ணினேன், பத்தொன்பது தடவை. அந்தப் பையன் மிரண்டுபோய்த் தள்ளுவண்டி வேகத்தில் ஓட்டினான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால்காரி. “மாத்திர போட்டாளான்னு கேளு.” “போட்டேன்னு சொல்லும்மா.” ஒரே வீடு, பத்தடி தூரம். என் கால்தான் தேய்கிறது. போங்கடா, நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று மொட்டை மாடியில் போய் வடகம் பிழிந்தேன். ஒரு மணி நேரம் கழித்து இறங்கினால் சத்தமாகச் சண்டை போடுகிறார்கள், பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்று. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று நான் கோயிலுக்குப் போகவில்லை. பிள்ளை பெற்ற ஐரினுக்குப் பூண்டுக் குழம்பு வைக்க வேண்டும். முருகம்மாள் வேறு வந்து இறங்கி, பூண்டு பத்தாது, மிளகு கூட, குளிக்கிற தண்ணீர் சூடு பத்தாது என்று என் அடுப்படியில் நின்று எனக்கே பாடம் நடத்துகிறார். சிவபாண்டி துணி காயப்போடத் தெரியாமல் போடுகிறான். தலை சுற்றுகிறது.

முதல் மணி அடித்தும் ஐயர் கிளம்பவில்லை. பேரனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார், வெள்ளை அங்கியோடு. இரண்டாம் மணி அடித்த பிறகு பிடுங்காத குறையாக வாங்கினேன். வேகவேகமாகப் போனார். இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்குப் பால் கக்கியிருந்தது. வாசலில் நின்று கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார், துடைத்தும் விட்டிருக்கலாம்.

கூப்பிடவில்லை. அப்படியே போய் அதே பலிபீடத்தில் நிற்கட்டும்.