அத்தா சலாம் சொன்னாக

ஃபுகுவோகா, ஜப்பான்
8.10.1996

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் விளக்கு சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கரிமப் படலத்தில் நாங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்யும் இந்த மெல்லிய விளக்கு, மங்கலாக எரியும்வரை சமர்த்து. பிரகாசம் வேண்டி மின்சாரத்தைக் கூட்டினால், வெளிச்சமாக வேண்டியது உள்ளேயே நெருக்கியடித்து அவிந்துபோகிறது. மார்ச்சுக்குள் சரிசெய்தால் ஊருக்கு வந்துவிடலாம். இல்லையென்றால் இன்னும் இரண்டு வருஷம்.

தமிழ் பேச ஆளில்லாமல் மீட்டரோடு சண்டை போடுகிறேன். அத்தாவுக்கு மூச்சிரைப்பு எப்படி? என்ன ஆனாலும் மறைக்காமல் எழுதுங்கள். அன்றைக்கே கிளம்பிவிடுவேன்.

உங்கள் அப்ரோஸ்

இராஜபாளையம்
20.11.1996

ஏட்டி அப்ரோஸ்,

சலாம். நெருக்கியடித்தால் நம்ம டவுன் பஸ்ஸிலேயே மூச்சு முட்டுமே, விளக்கு என்ன செய்யும்? கொஞ்சம் இடம் விட்டு உட்கார வை! பேண்டேஜ் துணி யூனிட்டில் தறி ஓடும்வரை பொழுது போகிறது. பொண்டாட்டி இல்லாத வீட்டுக்கு வந்தால் சுவரைத்தான் பார்க்க வேண்டும்.

உன் அத்தா நல்லா இருக்காக. "வேலைய முடிச்சிட்டே வரச் சொல்லுங்க மாப்ள"ன்னாக. சலாம் சொன்னாக. இடையில் ஓடி வந்துவிடாதே.

உன் மைதீன் பிச்சை

ஃபுகுவோகா
2.3.1997

மச்சான்,

ஜெயித்துவிட்டேன்! வெளிச்சம் பிறக்கும் இடத்தைக் கொஞ்சம் அகலமாக்கினோம். இப்போது எம்புட்டு பிரகாசமாக எரித்தாலும் முன்போல வீணாவதில்லை. நீங்கள் கேலியாகச் சொன்னதுதான் நடந்தது. அடுத்த மாதம் வாரேன். அத்தாவிடம் உடனே சொல்லி, அவர்கள் கையால் நாலு வரி வாங்கி அனுப்புங்கள்.

அப்ரோஸ்

ஃபுகுவோகா
19.3.1997

மைதீன் பிச்சை அவர்களுக்கு,

பக்கத்து வீட்டு நூர்பானு ஆறுதல் சொல்லி எழுதியிருக்கிறாள். அத்தாவின் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு நீங்கள் தெருவுக்கே சோறு போட்டீர்களாம். நவம்பர் தொடக்கத்திலேயே மவுத்தாம், அடக்கமும் முடிந்ததாம். அப்படியானால் இருபதாம் தேதி எனக்குச் சலாம் சொன்னது யார்?

தெருவே அழுதிருக்கிறது. மகள் நான் இங்கே விளக்கு எரிந்ததென்று எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தேன். இனி அவசரமாக வந்து யாரைப் பார்க்க? இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அப்ரோஸ் பேகம்

இராஜபாளையம்
30.6.1997

அப்ரோஸ்,

முன்பு போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு மவுத்துச் செய்தி எழுதக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. நீ பாதியில் வந்தால் சோதனை கெடும், மறுபடி இரண்டு வருஷம் போய்விடுவாய் என்று பயந்தேன். தனியா இருக்க முடியலட்டி, அதான்.

திட்டியாவது எழுது. நீ சுகமா இருக்கியா இல்லையான்னு மட்டும் என்கிட்ட மறைக்காத.

மைதீன் பிச்சை