சூடம் அணையாத தொட்டி

11-8-2024, ஞாயிறு

செல்வி வந்திருந்தாள். பூபதி மகள், என் பேத்தி. சேலத்தில் ஒரு கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஆம்பிளைகளை வேலை வாங்குகிறாள். அஞ்சாவதோடு நின்றவள் நான். இதை எழுதும்போதே நெஞ்சு நிமிர்கிறது.

சோப்பு டப்பா அளவில் ஒரு மஞ்சள் பெட்டி கொண்டுவந்தாள். காற்றை அளக்குமாம். படியிலா, தராசிலா? 20.9 என்று காட்டியது. நூறு பங்கு காற்றில் உசுர்க் காற்று அவ்வளவுதானாம்.

"மீதி எண்பது எதுக்கு சாமி?" என்றேன்.

"கல்யாணத்துக்கு வர்ற ஒறம்பரை சனம் மாதிரி அப்பத்தா. சும்மா கூட இருக்கும்."

அடுப்படி 20.9. ஆட்டுப்பட்டி 20.9. அரிசி டிரம்முக்குள் விட்டும் 20.9. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

12-8-2024

விடியற்காலை பஸ்ஸுக்குப் போய்விட்டாள். பெட்டியும் போய்விட்டது. கம்பெனிப் பொருள்.

14-8-2024

மரவள்ளிக் கிழங்கு சீசன் வரப்போகிறது. அதற்குள் ஜவ்வரிசி மில்லில் கழிவுத் தொட்டியை வழிக்க வேண்டும். பூபதி அங்கே மேஸ்திரி. அன்பரசு அவன் கீழ் வேலை செய்கிறவன். நான் களத்தில் ஜவ்வரிசி காயும்போது காக்காயும் ஆடும் ஓட்டுகிறவள். தொட்டி பன்னிரண்டு அடி ஆழம். மேலே ஓர் ஆள் நுழைகிற வாய்தான். அடியில் கிழங்கு அரைத்த சக்கைத் திப்பியும் கழிவுத் தண்ணீரும் சேறாகக் கிடக்கும்.

வருஷா வருஷம் கொட்டாங்குச்சியில் சூடம் ஏற்றிக் கயிற்றில் இறக்குவோம். சாமிக்கும் ஆச்சு, சோதனைக்கும் ஆச்சு. அணையவில்லை என்றால் ஆள் இறங்கலாம். பூபதிக்கு இந்த வழியைச் சொன்னது நான்தான். அவன் அப்பா கிணறு வெட்டும்போது அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்ப்பார்.

18-8-2024, ஞாயிறு

செல்வி மறுபடி வந்திருந்தாள். சூடத்தைக் கேள்விப்பட்டதும் அவளுக்கு முகமே மாறிவிட்டது. காற்று குறைந்தால் சூடம் அணையும், அது ஒன்றுதான் அதற்குத் தெரியும் என்றாள். விஷவாயு இருந்தால் அதற்குத் தெரியாது. எரிகிற வாயு இருந்தால் வெடித்தே போகும். அந்த விஷம் அழுகின முட்டை மாதிரி நாறுமாம். நிறைய ஆகிவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாதாம். நாற்றம் நின்றால் நிம்மதி என்றல்லவா இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்!

இன்னொன்றும் சொன்னாள். விழுந்தவனைத் தூக்க இறங்குகிறவர்கள்தான் நிறைய சாகிறார்களாம். அது எப்படி? நாள் பூராவும் அதே யோசனை. பதறி ஓடுகிறவன் மூச்சை நிறைய இழுப்பான், அதனாலோ?

பூபதி கேட்கவில்லை. "இருவது வருசமா எறங்கறேன். எம்பொண்ணு வந்து எனக்கு மூச்சு உடக் கத்துக் குடுக்கறா" என்று சாப்பிடாமல் எழுந்து போனான். அடுத்த ஞாயிறு பெட்டியோடு வருகிறேன், அதுவரை தொடாதீங்க என்று கெஞ்சினாள் செல்வி. முதலாளி வியாழக்கிழமை என்று சொல்லிவிட்டார்.

நான்தான் பஞ்சாயத்து செய்தேன். சூடமும் இருக்கட்டும். செல்வி கொண்டுவந்து கொடுத்த பாதுகாப்பு பெல்ட்டை இறங்குகிறவன் மாட்டட்டும், அதன் கயிறு மேலே ராட்டினத்தில் கிடக்கட்டும். இரண்டு பேருக்கும் சரி. பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

22-8-2024

எழுத முடியவில்லை.

23-8-2024

அன்பரசு உசுரோட இருக்கான். அதை மொதல்ல எழுதிக்கறேன்.

நேற்றுக் காலை சூடம் இறக்கினோம். நின்று எரிந்தது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அன்பரசு பெல்ட் மாட்டி இறங்கினான். மண்வெட்டியால் சேற்றை அள்ள ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான். கீழே பேச்சு நின்றது. எட்டிப் பார்த்தால் சேற்றில் குப்புறக் கிடக்கிறான். பத்து நிமிஷம் ஆகியிருக்காது.

பூபதி ஏணியில் கால் வைத்துவிட்டான். யோசிக்கவே இல்லை அவன். ஓடிப்போய் இடுப்பு வேட்டியோட சேர்த்துப் புடிச்சேன். "உடும்மா, கூட வேலை செய்யறவன்" என்கிறான். "கயித்தை இழுடா! உள்ள போவாத, கயித்தை இழு!" — அப்படி ஒரு சத்தம் எங்கேயிருந்து வந்தது எனக்கு? நாலு பேர் ராட்டினத்தில் இழுத்தார்கள். கடைசியில் பூபதியும் கயிற்றைப் பிடித்தான்.

களத்தில் போட்டோம். வாயில் சேறு. மூச்சு வந்தது. ஆம்புலன்சில் நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

கயிறு இல்லேன்னா? எம்மவன் எறங்கியிருப்பான். அவனுக்குப் பின்னால இன்னொருத்தன். ஏன் இரண்டாவது ஆள் சாகிறான் என்று கேட்டேனே — மூச்சுக் கணக்கெல்லாம் இல்லை. கூட வேலை செய்கிறவன் என்று இறங்குகிறான். அவ்வளவுதான்.

சூடத்தைச் சொன்னது நான்.

25-8-2024, ஞாயிறு

செல்வி யாரையும் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பெட்டியைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினாள். உசுர்க் காற்று 20.7, கிட்டத்தட்ட எங்கள் அடுப்படி மாதிரி. விஷத்துக்கு வேறு எண், அது 4. இதற்கா மனுஷன் விழுந்தான் என்று எனக்குச் சந்தேகம். மூங்கில் கழியைக் கையில் கொடுத்து, "அடியில கலக்குங்க அப்பத்தா" என்றாள். கலக்கினேன். குமிழ் குமிழாக வந்தது. பெட்டி கத்த ஆரம்பித்தது. 60, 90, அப்புறம் நூறைத் தாண்டிவிட்டது. உசுர்க் காற்று மட்டும் குறையவே இல்லை.

சேற்றுக்குள் ஒளிந்திருந்து, மண்வெட்டி பட்டதும் எழுந்து வருகிறது. சூடம் எரிந்தது பொய்யில்லை. நாங்கள் கேட்ட கேள்விதான் வேறு.

பூபதி பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு மகளிடம், "இந்தப் பொட்டி என்ன வெலை?" என்று கேட்டான்.

29-8-2024

அன்பரசு வந்துவிட்டான். கண் இன்னும் சிவப்பு. "ஆத்தா, நீங்க புடிச்ச புடியில மேஸ்திரி வேட்டி அவுந்திருந்தா, அதைப் பாக்கவே நான் எந்திரிச்சிருப்பேன்" என்றான். அந்த வியாழனுக்கு அப்புறம் பூபதி முதல்முறையாகச் சிரித்தான். நான் உள்ளே போய் அழுதுவிட்டு வந்தேன்.

2-9-2024

முதலாளி பெட்டியும் காற்று ஊதுகிற ஃபேனும் வாங்கிவிட்டார். தொட்டி வாயில் ஒருவர் அசையாமல் உட்கார்ந்து, எண்ணை எழுதிக்கொண்டு, விஷம் 5ஐத் தாண்டினால் ஆளை மேலே ஏறச் சொல்லி, கீழே என்ன ஆனாலும் தான் இறங்காமல் மற்றவர்களைக் கூப்பிட வேண்டும் என்று செல்வி எழுதி ஒட்டியிருக்கிறாள். யாரைப் போடுவது என்று பேச்சு வந்தது. பூபதி என்னைக் கை காட்டினான்.

9-9-2024, தொட்டி வாயில் உட்கார்ந்து எழுதுகிறேன்

காலை 9.10 — 20.9. விஷம் 0. ஃபேன் ஓடுகிறது. இறங்கியது பூபதி, பெல்ட்டோடு. பெட்டி அவன் நெஞ்சில். எண்ணைக் கீழேயிருந்து கத்திச் சொல்கிறான். கயிற்றில் அன்பரசு.

9.20 — 20.9. விஷம் 1.

9.30 — 20.8. விஷம் 6. மேலே வா என்றேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் ஏறி வந்தான்.

9.50 — 20.9. விஷம் 0. மறுபடி இறங்கினான்.

சூடத்தை இன்று மில் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஏற்றினோம். எரிகிறதா, அணைந்துவிட்டதா, தெரியவில்லை. இங்கிருந்து கண்ணை எடுக்கக் கூடாது.