மாரியண்ணன் கழற்றாத சட்டை

அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டு வளர்த்த மாரியண்ணே,

போன வாரம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா சட்டையைக் கழற்றச் சொன்னபோது, உன் நினைப்பு வந்து கை பொத்தானிலேயே நின்றுவிட்டது. எழுபத்தைந்து வயதில் எனக்கும் மார் வளர்ந்திருக்கிறது, அண்ணே. உனக்கு இருந்ததைப் போலவே. தொட்டால் வலிக்கிறது. மருமகளுக்குக்கூடத் தெரியாமல், இந்த வெயிலிலும் பனியனுக்கு மேல் சட்டை போட்டுத் திரிந்தேன்.

அந்தம்மா சிரிக்கவில்லை. கட்டி ஏதும் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். "இதுல வெக்கப்பட என்னங்கய்யா இருக்கு? ஆம்பளைக்கும் மாருக்குள்ள கொஞ்சம் சுரப்பிச் சதை உண்டு. ஹார்மோன் ஏறி இறங்குனா அது வளரும். வயசுப் பசங்களுக்கு வந்து பெரும்பாலும் தானா வடிஞ்சிடும், சிலருக்கு அப்படியே நின்னுடும். உங்களுக்கு நெஞ்சு நோவு மாத்திரையால வந்திருக்கும் போல. மாத்திப் பாக்கலாம். நீங்களா நிறுத்திடாதீங்க" என்றார்.

இவ்வளவுதானா, அண்ணே? இதற்கா நீ ஒருநாள்கூட எங்களோடு ஆற்றில் இறங்கிக் குளிக்கவில்லை?

ஊருக்கு உன் சட்டை வேறு கதை. பண்ணையாள் வெற்று மார்போடுதான் களத்தில் நிற்க வேண்டும் என்றிருந்த காலம். அறுபத்தேழில் ஆட்சி மாறிய புதிதில், கூலிக்கும் குத்தகைக்கும் ஊரே கொதித்துக்கொண்டிருந்தபோது, நீ நடவிலும் சட்டை போட்டாய், போரடியிலும் போட்டாய். விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆட்கள் உன்னைத் தோளில் தூக்காத குறைதான். நீ தலையைக் குனிந்துகொள்வாய். ஒரே பாயில் படுத்த எனக்கு மட்டும்தான் காரணம் தெரியும்.

அறுப்பு நாளில், பண்ணையாருக்காக வேலையை மேற்பார்க்கும் காரியக்காரர் வயலை மறித்தார். "மாரி சட்டையக் கழட்டுனாத்தான் எல்லாருக்கும் வேலை."

"முடியாதுங்க" என்றாய். நம் தெருவே அரிவாளும் கையுமாக உன் பின்னால் நின்றது. போலீஸ் வரும், அடி விழும் என்று பயந்து நான் முன்னால் போனேன்.

"எங்கண்ணன் வீம்புக்குப் போடலைங்க. அதுக்கு மாரு பொம்பள மாதிரி இருக்கும். அத மறைக்கத்தாங்க" என்றேன்.

உன்னைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று இத்தனை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். எனக்கு அடி விழக் கூடாதென்று சொன்னேன். காரியக்காரரின் ஆட்கள் உன் சட்டையைக் கிழித்தார்கள். அவர்கள் சிரித்தது போகட்டும், நம் ஆட்களும் சிரித்தார்களே. நீ இரண்டு கைகளாலும் மாரைப் பொத்திக்கொண்டு என்னை மட்டும் பார்த்தாய். அன்று பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புக் காவலுக்குப் போனவன், பல வருஷம் கழித்துப் பிணமாகத்தான் ஊர் திரும்பினாய்.

அதோடும் நான் நிற்கவில்லை. செத்தவன் எழுந்து வந்தா மறுக்கப்போகிறான் என்ற தைரியத்தில், சங்கக் கூட்டங்களில் உன் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன். சட்டை உரிமைக்காக நின்ற மாரி என்றேன். காரியக்காரன் கிழித்தான் என்றேன். காட்டிக்கொடுத்தது யார் என்று மட்டும் சொல்லவே இல்லை. அன்று வயலில் கேட்டவர்களும், தாங்கள் சிரித்ததை மறைக்க, அதை வெளியே விடவில்லை. வெட்கமாக இருக்கிறது, அண்ணே. மார் வளர்ந்ததற்கு இல்லை.

வருகிற மாதம் உன் நினைவு நாள். சங்கத்தில் உன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, வழக்கம்போல என்னைப் பேசக் கூப்பிடுவார்கள். இந்த முறை சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் மேடையேறுவேன். "பாத்துக்குங்க, எங்கண்ணனுக்கு இருந்ததும் இதுதான். அன்னைக்கு வாயத் தொறந்தவன் நான்தான்" என்று சொல்வேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நான் கையால் பொத்திக்கொள்ள மாட்டேன்.

உன் பாயில் பாதியைப் பிடித்துக்கொண்ட தம்பி,
கோவிந்தன்