இருவருக்கும் ஒரே பத்தியம்

மருதம்பட்டையை அடுப்பில் கொதிக்கப் போட்டுவிட்டு முன்பக்கம் கடையில் வந்து உட்கார்ந்திருந்தேன். அந்தத் துவர்ப்பு வாடை உள்ளேயிருந்து வந்ததும், நீதான் அடுப்படியில் இருக்கிறாய் என்று ஒரு கணம் நம்பிவிட்டேன். எழுந்து போய்ப் பார்த்தேன். பானை மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. திரும்பக் கடைக்குப் போக மனமில்லை. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அடைமழைக் காலம் உனக்கு நினைவிருக்கும். அரிசி மூட்டையைத் தள்ளப் போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தேன். கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. இதயம் தளர்ந்துவிட்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். உப்பையும் நெய்யையும் குறை, சுருட்டை விடு, தினமும் மெதுவாக நட என்றார். நானோ பலசரக்குக் கடைக்காரன். கருவாடும் ஊறுகாயும் விற்று, அதையே தின்று ஊறிய உடம்பு. "உப்பில்லாமத் திங்கிறதுக்குச் செத்தே போகலாம்" என்று உன்னிடம் கத்தினேன்.

மறுநாள் என் இலையில் குரக்கன் கேழ்வரகில் கிண்டிய களியும் முருங்கைக்கீரையும் வைத்தாய். உன் இலையிலும் அதுவேதான்.

"உனக்கு எதுக்குப் பத்தியம்?"

"ரெண்டு சட்டி வச்சா உங்க கண்ணு என் சட்டி மேலதான் இருக்கும். சாப்பிடுங்க."

முதலில் எல்லாம் மண்ணைப் போலிருந்தது. பிறகு நீ வழி கண்டுபிடித்தாய். வறுத்த மல்லி, மிளகு, பூண்டு, கடைசியில் எலுமிச்சை. வெலிமடையிலிருந்து காய்கறி வண்டி வரும்போது முதல் ஆளாக நிற்பாய். மொனராகலைப் பக்கம் போகும் வண்டிக்காரரிடம் சொல்லி, ஆற்றங்கரை மருதமரத்துப் பட்டையை வரவழைத்தாய். என்னை நிமிர்த்தியது பட்டையா, களியா, நடையா என்று எனக்கு இன்றும் தெரியாது. கால் வீக்கம் வடிந்தது. படுத்தால் தூக்கம் வந்தது.

தனியாக நடக்க எனக்குப் பயம். அதனால் நீயும் வந்தாய். முதலாளி பெண்சாதியோடு உலாத்துகிறார் என்று பதுளைக் கடைவீதியே சிரித்தது. ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கினால், ஏதோ செடியைப் பார்ப்பதுபோல நீயும் நின்றுவிடுவாய். "அவசரம் என்னங்க, ஆறு எங்கயும் போயிடாது" என்பாய். பிள்ளை இல்லாத வீடு நம்முடையது. வீட்டுக்குள் நாம் அதிகம் பேசியதில்லை. பேசியதெல்லாம் பாலத்துக்குப் போகும் அந்தப் பாதையில்தான்.

காய்ச்சல் ஊரெங்கும் பரவியபோது, தளர்ந்த நெஞ்சுக்காரனான என்னை விட்டுவிட்டு அது உன்னைப் பிடித்தது. ஒருநாள் சாயங்காலம் கண்ணைத் திறந்து, "வெயில் இறங்கிருச்சே, இன்னும் கிளம்பலையா?" என்று கேட்டாய். போகமாட்டேன் என்றேன். உன் முகம் சுருங்கியது. உன் மனசு நோகக் கூடாது என்றுதான் போனேன். பாலம்வரை போய்த் திரும்பி வந்தபோது, நம் வாசலில் பக்கத்துக் கடைக்காரர்கள் கூடி நின்றார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன்பின் எல்லாவற்றையும் விட்டேன். யாருக்காக நடப்பது? கருவாட்டைச் சுட்டுத் தின்றேன். சுருட்டு திரும்ப வாய்க்கு வந்தது. கால்கள் மறுபடி வீங்கத் தொடங்கியபோது, கவலைப்படாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வரும் அந்தக் கொழுந்து பறிக்கிற பெண்ணை உனக்குத் தெரியும். ஒருநாள் வந்து கடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா இல்லைங்களா? எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு நோவுன்னு சொன்னப்ப, எப்படி ஆக்கிப் போடணும்னு அவுங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. இப்ப மூச்சு வாங்காம வேலைக்குப் போறாருங்க. கொள்ளு ரசத்துக்கு உப்புக்குப் பதிலா என்னமோ சொன்னாங்க, மறந்து போச்சு."

"எலுமிச்சஞ்சாறு" என்றேன். "அடுப்பை விட்டு இறக்கினப்புறம் ஊத்தணும். கொதிக்கிறப்ப ஊத்தினாக் கசந்துரும்."

எனக்கு எப்படித் தெரிந்தது? உன் பக்கத்தில் இருந்து பார்த்ததுதான். பிறகுதான் நீ போய்விட்டதைச் சொன்னேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு, கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். எழுந்தபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப நீங்க யாரு கையாலங்க சாப்பிடுறீங்க?"

அன்று நானே கொள்ளு ரசம் வைத்தேன். உன் ரசம் போல வரவில்லை. ஆனாலும் குடித்தேன். மறுநாள் பாலம்வரை நடந்தேன். வழியில் நான் நின்ற இடங்களில் என்னோடு நிற்க ஆளில்லை.

அதன்பின் பத்தியத்தையும் நடையையும் நான் விடவில்லை; கால் வீக்கம் மறுபடி வடிந்தது. இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். "நல்லா அடிக்குது. இன்னும் ரொம்ப நாள் இருப்பீங்க" என்று சிரித்தார்.

வெளியே வந்தேன். நம் ஊருக்கு இப்போது ரயில் வந்துவிட்டது. அதைப் பார்க்கத் தெருவெல்லாம் ஜனம் ஓடிக்கொண்டிருந்தது. நீ பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிக் கொடுத்த நெஞ்சைச் சுமந்துகொண்டு, டாக்டர் சொன்னதை யாரிடம் போய்ச் சொல்வதென்று தெரியாமல், அந்தக் கூட்டத்தின் நடுவே நின்றேன். பிறகு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து, உள்ளே பார்த்துச் சத்தமாகவே சொன்னேன்:

"நெஞ்சு நல்லா இருக்காம்."