இடது கீழ் மூலை

ஜனவரி 4, ஞாயிறு

பனி. செம்பரம்பாக்கம் ஏரிக்கரை, காலை ஆறு மணி. எதிர்ல நிக்கற ஆளே தெரியல. எங்க ஃபோட்டோ குரூப் ஒன்பது பேர், நான் ஒருத்திதான் பொம்பளை.

போன மாசம் தயாளன் சார்கிட்ட வாங்கின வைட் லென்ஸ், இன்னிக்குத்தான் வெளில எடுத்தேன். டீ குடிக்கும்போது கேமராவ கை மாத்தி பாத்தாங்க. யாரோ ஒருத்தர், "இந்த ஓரம் மட்டும் இன்னா கலங்கிகினு கீது?"ன்னார்.

தயாளன் சார் எட்டிப் பாத்தார். குரூப் அட்மின், ஏதோ கம்பெனில மெயின்டனன்ஸ் மேனேஜர். "லென்ஸ்ல ஒண்ணும் இல்லப்பா. லேடீஸ் கை, ஆடும்."

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அதான் தாங்கல. ஏன் சிரிச்சேன்?

ஜனவரி 5, திங்கள்

ஜெனரல் ஷிப்ட். கண் எரிச்சல். கேஸ் புக் பண்ணணும்.

ரெண்டு லென்ஸ்ல எதுன்னு ரெண்டு மாசம் யோசிச்சு வாங்கினதை எழுதி வெச்சுக்கறேன், அப்பதான் கோவம் ஆறாது.

சின்னது: 10–18 மி.மீ. புதுசு. உள்ளங்கைல அடங்கும். டிபன் பாக்ஸ் பக்கத்துலயே வெச்சுக்கலாம். நான் போறது பஸ்ஸுல, ஏறறது மலை. பொங்கல் லீவுக்குக் கொல்லிமலை. அருவிக்கு அத்தனை படி இறங்கி ஏறணும்.

பெருசு: 10–24 மி.மீ. தயாளன் சார் வெச்சிருந்தது. செங்கல் கனம். கை ஆடினாலும் லென்ஸே சமாளிச்சுக்கும்னார். (அப்ப நேத்து எப்படி என் கை ஆட்டம் தெரிஞ்சுது? இதை ஏன் அங்கயே கேக்கல நான்?)

எனக்குப் பிடிச்சது சின்னதுதான். "அது பொம்மைம்மா. லேண்ட்ஸ்கேப்னா இதான்"னார். சார் சொல்றாரேன்னு வாங்கிட்டேன்.

பதினோரு வருஷமா கம்பெனில கார் ஹெட்லைட் மூடில கீறல், புகை, குமிழி கண்டுபிடிக்கறதுதான் எனக்குச் சோறு. என் சொந்த லென்ஸை ஒரு தடவைகூட செக் பண்ணல.

ஜனவரி 7, புதன்

A ஷிப்ட் முடிஞ்சு மூணரை மணி. வல்லம் வடகால்ல மூடிக் கிடக்கற குடோன், பூசாத செங்கல் செவுரு. எங்க கம்பெனி பேக்கிங்ல இருக்கற ரெஜினா கூட வந்தா. ட்ரைபாட் ஸ்டாண்ட், டைமர், லென்ஸ் துவாரம் எஃப் எட்டு. கேமராவ யாரும் தொடல.

வாட்ச்மேன் வந்துட்டார். "இன்னாம்மா, செவுத்தப் போயி படம் புடிக்கிற?"

ரெஜினா: "இதுக்கு வரன் பாக்கறோம்ணே. போட்டோ கேட்டாங்க."

அவர் சிரிச்சிட்டு நகர்ந்துட்டார்.

வீட்டுக்கு வந்து படத்தைப் பெருசு பண்ணிப் பாத்தேன். மூணு மூலை ஓகே. இடது கீழ் மூலை, செங்கல்லே தெரியல, கஞ்சி மாதிரி. கேமராவத் தலைகீழா மாட்டி எடுத்த படமும் இருக்கு. அதுலயும் ஃப்ரேம்ல அதே மூலை. செவுத்துல தப்பில்ல. உள்ள கண்ணாடி கோணிக் கிடக்குது. கை ஆடினா படம் முழுக்க ஆடணும், ஒரு மூலை மட்டும் ஏன் ஆடப்போகுது.

ரிஜெக்ட்.

ஜனவரி 8, வியாழன்

சாருக்குப் போன் பண்ணேன். மரியாதையாத்தான் சொன்னேன்.

"ட்ரைபாட்ல வெச்சா எடுத்த? நல்லா டைட் பண்ணியிருக்க மாட்ட. மூச்ச புடிச்சிகினு அமுக்கணும்மா. போகப் போக பழகிடும்."

போகப் போக. சரி சார்.



ஜனவரி 10, சனி

வியாழக்கிழமையே முடிவு பண்ணிட்டேன். போரூர்ல சின்ன லென்ஸை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தேன். அதே செவுரு, உச்சி வெயில். இதை மட்டும் வேணும்னே கையில புடிச்சு எடுத்தேன். மூச்செல்லாம் புடிக்கல.

குன்றத்தூர் ஸ்டூடியோல ரெண்டு பிரின்ட், பெரிய சைஸ். எது எப்படி எடுத்ததுன்னு பின்னாடி பேனாவுல எழுதி, மேல காகிதம் ஒட்டிட்டேன்.

அவர் (வீட்டுக்காரர்) பாத்துகினே இருந்தார். "இன்னாத்துக்கு இவ்ளோ காண்டு உனக்கு? லென்ஸ குட்த்துட்டு காச வாங்கிகினு வா."

லென்ஸுக்குக் காசு வரும். சிரிச்ச சிரிப்புக்கு?

ஜனவரி 11, ஞாயிறு

குன்றத்தூர் மலை அடிவாரம், டீக்கடை பெஞ்சு. எட்டு பேர் வந்திருந்தாங்க. ரெண்டு பிரின்ட்டையும் பெஞ்சுல வெச்சேன்.

"சார், ஒரு டவுட். இதுல ஒண்ணு ட்ரைபாட், ஒண்ணு கையில புடிச்சது. எதுன்னு சொல்ல முடியுமா?"

கண்ணாடிய மாட்டினார். எல்லாரையும் கிட்ட கூப்பிட்டார். பாடம் நடத்தறார்!

"இதான் ட்ரைபாட். மூலை வரைக்கும் பாருங்க, செங்கல்லு எண்ணலாம். இது கை. இந்தா, இந்த மூலை கலங்கியிருக்கு பாரு. நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல?"

"நல்லா பாத்து சொல்லுங்க சார்."

"அட, இதுல பாக்க இன்னாம்மா இருக்குது."

"காகிதத்தைக் கிழிங்க சார்."

அவரே கிழிச்சார். அவரே வாய்விட்டுப் படிச்சார். "வாடகை லென்ஸ். சின்னது. கையில்." இன்னொண்ணு: "தயாளன் சார் லென்ஸ். ட்ரைப—" அங்கயே நிறுத்திட்டார்.

அப்புறம் போன வாரம் பலமா சிரிச்ச அதே ஆளு முதல்ல சிரிச்சார். அப்புறம் எல்லாரும். இந்தத் தடவை நான் சிரிக்கல. அவர் முகத்தையே பாத்துகிட்டு நின்னேன். காது மடல் சிவந்துது.

கிளம்பறப்போ தயாளன் சார் என் கிட்ட வந்து மெதுவா, "நானும் செகண்ட் ஹேண்ட்லதான் வாங்கினேன். ஆறு வருஷம் ஆச்சு. மூலைய யாரும்மா பாக்கறா?"

"நான் பாப்பேன் சார். அதான் என் வேலை."

லென்ஸை அவர் கையில குடுத்தேன். நான் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள காசு போன்ல வந்துடுச்சு.

ஜனவரி 12, திங்கள்

லைன்ல நாள் பூரா நல்ல மூடு. ரெஜினாவுக்கு மூணு தடவை கதை சொன்னேன். மூணாவது தடவை நானே கொஞ்சம் சேத்துகிட்டேன்.

தெரிஞ்சு விக்கல அவர். அது உறுத்துது. தெரிஞ்சே ஏமாத்தியிருந்தா நிம்மதியா திட்டலாம். ஆனா 'லேடீஸ் கை'ன்னது தெரிஞ்சுதான சொன்னார்?

ஜனவரி 13, செவ்வாய்

காலைல தூறல். காசு வந்த அன்னிக்கே ஆர்டர் போட்ட சின்ன லென்ஸ் வந்துடுச்சு. நாலு மூலையும் பாத்துட்டேன், ஓகே. பைல வெச்சா வெச்சதே தெரியல. வெள்ளிக்கிழமை விடிய பஸ்.

வாங்கணும்: மழை கவர், பஸ் வாந்திக்கு மாத்திரை, வீட்டுக்காரருக்கு சாக்ஸ்.

ஏழு மணிக்கு தயாளன் சார் போன். எடுக்கலாமா வேணாமான்னு யோசிச்சு, நாலு ரிங் போகவிட்டு எடுத்தேன்.

"ஏம்மா... எங்கிட்ட இன்னும் மூணு லென்ஸ் கீது. எல்லாம் அந்த லென்ஸ வித்த அதே ஆள்கிட்ட வாங்கினது. ஞாயித்துக்கெழமலேர்ந்து அதை எடுக்கவே மனசு வரல. நீ ஒரு தபா பாத்துச் சொல்றியா?"

ஒரு நொடி பாவமா இருந்துது.

"குரூப்ல யாருக்கும் சொல்ல வேணாம்மா."

"சொல்லல சார். ஊர்லேர்ந்து வந்ததும் பாக்கறேன்."

பாப்பேன். நல்லாவே பாப்பேன். ஆனா ரிப்போர்ட் எழுத்துலதான். சார் அதைப் படிச்சுப் பாத்து, கீழ கையெழுத்து போட்டுத்தான் வாங்கிக்கணும்.